மழை போகும் வழி: பினாங்குக் கிராமப்புறத்தில் சொந்தமாகக் கட்டிய வீட்டின் முதல் ஆண்டு

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் தெற்கே, சிம்பாங் அம்பாட்டுக்கும் நிபோங் திபாலுக்கும் இடையில், தோட்டத்து லயங்களில் பிறந்து, பிறைத் தொழிற்பேட்டையை ஒட்டிய அடுக்குமாடி வீடுகளில் பாதி வாழ்நாளைக் கழித்துவிட்டு, சேர்த்த பணத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டு வருகிற நம்மவர்கள் சிலர் இருக்கிறார்கள். நானும் அப்படி வந்தவன்தான். புதிதாக வருகிறவர்கள் வீட்டுச் சாவியை வாங்கிய மறுவாரமே கேட்பது, "முதலில் என்ன நடலாம்?" என்பதுதான். முதல் மூன்று மாதங்கள் எதையும் நட வேண்டாம் என்று நான் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் இந்த ஊரில் சொந்த வீட்டைக் கெடுப்பதும் காப்பதும் மழைநீர்தான். அது எங்கே விழுந்து எங்கே போகிறது என்று தெரியாமல் செய்யும் வேலை எதுவாக இருந்தாலும் அதை மறுபடியும் செய்ய வேண்டி வரும். எனவே இந்த வழிகாட்டி கூரையில் தொடங்கி, நீர் போகும் வழியிலேயே போய், கடைசியில்தான் தோட்டத்துக்கு வருகிறது.

முதல் படி: ஒரு மழையைப் பின்தொடருங்கள்

பினாங்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மாதத்துக்கு 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் மழை, ஜனவரி, பிப்ரவரியில் சட்டென்று குறைந்துவிடும். கிளந்தான், திரங்கானு மாநிலங்களை வடகிழக்குப் பருவக்காற்று நனைத்துக்கொண்டிருக்கும்போது, நடுவில் நிற்கும் மலைத்தொடர்கள் அந்த மழையை நம் பக்கம் வரவிடாமல் தடுத்துவிடுவதே இதற்குக் காரணம். ஆகவே தீபாவளிக்கு வாசலில் கோலம் போட முடியாத அளவுக்கு நீர் நிற்கும் அதே மண், தைப்பூசத்துக்குக் காவடி புறப்படும் நேரத்தில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். இரண்டையும் ஒருமுறை கண்ணால் பார்த்த பிறகே திட்டம் போட வேண்டும்.

பலத்த மழை பெய்யும் ஒரு மாலையில் குடையையும் ஒரு கட்டு மூங்கில் குச்சிகளையும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். கூரையிலிருந்து நீர் ஊற்றும் இடம், சுவரில் சேறு தெறிக்கும் இடம், நீர் ஓடையாகத் திரண்டு ஓடும் இடம் ஆகிய ஒவ்வொன்றிலும் ஒரு குச்சியைக் குத்துங்கள். மழை விட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் சுற்றி வந்து, அப்போதும் நீர் வடியாமல் நிற்கும் குழிகளில் துணி கட்டிய குச்சிகளைக் குத்துங்கள். அடுத்த இரண்டு மூன்று மழைகளில் இதையே செய்து பார்த்தால், உங்கள் நிலத்தின் வரைபடம் காகிதம் இல்லாமலே தரையில் உருவாகிவிடும். சுவரை ஒட்டிய தரை, சுவரிலிருந்து பத்து அடி தூரத்துக்குள் அரை அடியாவது தாழ்ந்து சரிய வேண்டும். அப்படிச் சரியவில்லை என்றால், மண் போட்டு உயர்த்தவோ, ஒரு அடி அகலக் கால்வாய் வெட்டி நீரை வேலி ஓரத்துக்குத் திருப்பவோ செய்யுங்கள். அந்தக் கால்வாய் பக்கத்து நிலத்துக்காரரின் வளவில் போய் முடியக் கூடாது. கிராமத்தில் உறவு கசக்கத் தண்ணீரைவிட வேகமான வழி இல்லை.

இதை நான் தாமதமாகவே கற்றேன். வந்த புதிதில், லோரியில் மண் இறக்கி, வீட்டின் கிழக்குச் சுவரை ஒட்டியே அழகாகப் பாத்தி கட்டிக் கத்தரி நட்டேன். சமையலறைச் சன்னலிலிருந்து கையை நீட்டினால் காய் பறிக்கலாம் என்பது என் கனவு. அக்டோபரில் அந்தப் பாத்தி ஊறி, உட்பக்கச் சுவரில் இடுப்பளவு உயரத்துக்குச் சாயம் உப்பி உதிர்ந்தது. சாலையோரத்தில் இளநீர் விற்கும் பெரியவர், பழைய தோட்டத் தொழிலாளி, அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, தண்ணி எந்தப் பக்கம் போவுதுன்னு பாத்துட்டுத்தான் மம்பட்டியத் தூக்கணும்" என்றார். பாத்தியைப் பெயர்த்துப் பதினைந்து அடி தள்ளிப் போட எனக்கு இரண்டு வார இறுதிகள் பிடித்தன.

இரண்டாம் படி: கூரையும் பீலியும்

கிராமப்புறத்தில் சொந்தமாகக் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் தகரக் கூரைதான். தகரம் எளிதில் கெடுவதில்லை. அதைப் பிடித்திருக்கும் திருகாணிகளின் கீழே உள்ள ரப்பர் வளையம்தான் முதலில் கெடுகிறது. வெயிலில் காய்ந்து அது வெடித்தால், மழைநீர் திருகாணியின் வழியே இறங்கிக் கூரைச் சட்டத்தை நனைக்கும். மே முதல் ஆகஸ்ட் வரை விடியற்காலையில் மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் சுமத்ரா சூறைக்காற்று, தளர்ந்த தகரத்தின் ஓரத்தில் புகுந்து முழுத்தகட்டையும் உரித்துக்கொண்டு போய்விடும். ஆகவே ஏப்ரலில் ஒருமுறை, காலை எட்டு மணிக்கு முன்பு தகரம் சூடேறாத நேரத்தில், ஏணியில் ஏறி ஓரத்து வரிசைத் திருகாணிகளைச் சோதியுங்கள். தகரத்தின் மேல் நடக்க வேண்டியிருந்தால், கீழே சட்டம் இருக்கும் கோட்டில், அதாவது திருகாணி வரிசையின் மேல் மட்டும் கால் வையுங்கள். மழை நனைத்த தகரத்தில் எக்காரணத்துக்காகவும் ஏறாதீர்கள். ஏணியைப் பிடிக்கக் கீழே ஒருவர் நிற்க வேண்டும்.

கூரை ஓரத்தில் வடியும் நீரைப் பிடித்துக்கொண்டு போகும் பீலியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்டிக் கொடுப்பவர்கள் அதிகம் அலட்சியம் செய்வது இதைத்தான். பீலி, நீர் இறங்கும் குழாயை நோக்கிப் பத்து அடிக்கு அரை அங்குலம் வீதம் சரிய வேண்டும். என் வீட்டுக்குப் பீலி மாட்டியவர், கீழேயிருந்து பார்க்கும்போது நேராகத் தெரிய வேண்டும் என்பதற்காக அதை ரசமட்டம் வைத்து மட்டமாகவே மாட்டிவிட்டுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மட்டமான பீலியின் நடுவில் ஒரு விரற்கடை நீர் எப்போதும் நிற்கும். அதில் ரம்புத்தான் இலை மட்கும். பிறகு டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு வரும். சோதிக்கும் வழி எளிது. வெயில் நாளில் பீலியின் மேட்டு முனையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டு, பத்து நிமிடம் கழித்து ஏறிப் பாருங்கள். நீர் தேங்கி மின்னும் இடத்துக்கு நேரே உள்ள கொக்கியைத் தளர்த்தி உயர்த்தினாலே பெரும்பாலும் போதும். ஆகஸ்ட் கடைசியில் ஒருமுறை, தீபாவளிக்கு வீடு கழுவும்போது ஒருமுறை, பொங்கலுக்கு முன்பு ஒருமுறை என்று ஆண்டுக்கு மூன்று முறை பீலியை வழித்துக் கழுவினால் பெருமழைக்கும் வறட்சிக்கும் அது தயாராக இருக்கும்.

மூன்றாம் படி: நீரைப் பிடித்து வைத்தல்

கணக்கு இதுதான்: ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 90 சதுர மீட்டர் கூரையில், மாலை வேளையில் சாதாரணமாகப் பெய்யும் 20 மில்லிமீட்டர் மழை 1,800 லிட்டர் தரும். சிதறுவதையும் வழிவதையும் கழித்தாலும் 1,400 லிட்டருக்குக் குறையாது. நம் கடைகளில் தொட்டிகளை இன்னும் கேலன் கணக்கில்தான் விற்கிறார்கள். 400 கேலன் தொட்டி என்பது ஏறத்தாழ 1,800 லிட்டர். நான்கு அடி அகலமும் இருபது அடி நீளமும் உள்ள மூன்று பாத்திகளுக்கு, மழையே இல்லாத நாளில் ஏறத்தாழ 110 லிட்டர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், நிறைந்த தொட்டி பதினாறு நாள் தாங்கும். இரண்டு தொட்டி இருந்தால் ஜனவரியைக் கடந்துவிடலாம்.

நிறைந்த 400 கேலன் தொட்டி 1.8 டன் எடை இருக்கும். அதை மரச்சட்டத்திலோ வெறும் மண்ணிலோ வைக்கக் கூடாது. கம்பி போட்ட காங்கிரீட் தளம் போட்டு அதன் மேல் வையுங்கள். குழாயில் வாளி வைக்கும் அளவுக்குத் தளம் உயர்ந்திருந்தால் பம்பு தேவைப்படாது. கூரையில் சேர்ந்திருக்கும் தூசி, பறவை எச்சம், பல்லிக் கழிவு எல்லாம் முதல் மழையில்தான் இறங்கும் என்பதால், அந்த முதல் நீரைத் தொட்டிக்குள் விடக் கூடாது. இறங்கு குழாயில் தொட்டிக்கு முன்பாக ஒரு கிளைக்குழாயைச் செங்குத்தாகக் கீழே இறக்கி, அடியில் திருகு மூடி போட்டுவிட்டால், முதல் நீர் அதை நிரப்பிய பிறகே தொட்டிக்குப் போகும். 90 சதுர மீட்டர் கூரைக்கு 40 முதல் 50 லிட்டர் கழிய வேண்டும். குழாய் அவ்வளவு கொள்ளாவிட்டால் அதன் அடியில் ஒரு மூடிய பீப்பாயை இணையுங்கள். மழை விட்டதும் மூடியைத் திறந்து வடித்துவிட வேண்டும். மறந்தால் அடுத்த மழையின் அழுக்கெல்லாம் தொட்டிக்குள் போகும்.

கொசு விஷயத்தில் தயவு தாட்சண்யம் காட்ட முடியாது. ஏடிஸ் கொசு சுத்தமான தேங்கிய நீரைத்தான் தேடி வருகிறது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டி வைக்கும் அதன் முட்டைகள், உலர்ந்த நிலையிலேயே பல மாதங்கள் உயிரோடு இருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். ஏழு முதல் பத்து நாட்களில் கொசு பறந்துவிடும். தொட்டியின் நுழைவாய், வழிவாய் இரண்டிலும் நுண்ணிய கொசுவலையை இறுக்கிக் கட்டுங்கள். வலை போட முடியாத பீப்பாய்களுக்கு, 10 லிட்டருக்கு 1 கிராம் வீதம், கொசுப்புழுவைக் கொல்லும் ஏபேட் மணலைத் தூவலாம். வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கி, அன்று பூச்சாடித் தட்டு, கோழித் தண்ணீர்ச் சட்டி, மல்லாந்து கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றைத் தேய்த்துக் கழுவுங்கள். நீரை ஊற்றிவிட்டால் மட்டும் முட்டை போகாது. கொசு உற்பத்திக்கு இடம் கொடுத்த வீட்டுக்காரருக்கு 1975 ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் அபராதம் உண்டு.

பிடித்து வைத்த மழைநீர் செடிக்கும், கழுவுவதற்கும், கழிவறைக்கும்தான். குடிக்கவும் சமைக்கவும் குழாய் நீரையே பயன்படுத்துங்கள். பினாங்கின் குழாய் நீரில் பெரும்பகுதி சுங்கை மூடா என்னும் ஒரே ஆற்றிலிருந்து வருகிறது. 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் அடைப்பிதழ் (வால்வு) மாற்றும் வேலைக்காக மாநிலத்தின் பல பகுதிகளில் பொங்கலுக்கு முந்தைய நான்கு நாட்கள் நீர் நின்றது. அப்போது தொட்டி வைத்திருந்தவர்கள் பொங்கலுக்கு வீடு கழுவினார்கள், மற்றவர்கள் வாளியோடு வரிசையில் நின்றார்கள்.

நான்காம் படி: கறையானைத் தேடுங்கள்

ஈரமும் மரமும் சந்திக்கும் இடத்தில் கறையான் வரும். அது சுவரிலும் தூணிலும் மண்ணால் ஒரு கோடு இழுத்துக்கொண்டு ஏறும். பென்சில் பருமனில், காய்ந்த சேறு வழிந்தது போல இருக்கும். பார்த்தவுடன் துடைத்துவிடாதீர்கள். ஒரு ஆணியால் அந்தக் கோட்டின் நடுவில் ஒரு அங்குலம் சுரண்டிவிட்டு, விளக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். பழைய கோடாக இருந்தால் உள்ளே வெறுமையாகத் தூள் உதிரும். உயிருள்ள கோடாக இருந்தால், வெளிறிய உடலும் தேன்நிறத் தலையும் கொண்ட சிப்பாய்கள் வாயிலில் வந்து நிற்கும். சில இனங்களில் அவற்றின் நெற்றியிலிருந்து பால் போன்ற ஒரு துளி கசிவதைக்கூடப் பார்க்கலாம். மறுநாள் காலைக்குள் அந்த ஒரு அங்குல உடைப்பை ஈர மண்ணால் அடைத்திருக்கும். அப்படியானால் நீங்களே மருந்து தெளிக்காதீர்கள். கண்ட இடத்தில் மருந்தடித்தால் கூட்டம் வேறு வழியாக வீட்டுக்குள் நுழையும், கூடு அப்படியே இருக்கும். கூட்டுக்கே எடுத்துச் செல்லும் இரை வைக்கத் தெரிந்தவரை அழையுங்கள்.

தடுப்பது இதைவிட மலிவு. வெளிமண் வீட்டுத் தரை மட்டத்துக்கு அரை அடியாவது கீழே இருக்கட்டும். மரத்தூண்களை மண்ணில் புதைக்காமல் கல் அல்லது காங்கிரீட் பாதத்தின் மேல் நிறுத்துங்கள். மலாய்க்காரர்களின் பழைய கம்பத்து வீடுகள் அப்படித்தான் நிற்கின்றன. செங்கால் மரம் கறையானைத் தாங்கும், மெராந்தி ஓரளவே தாங்கும், ரப்பர் மரப் பலகை விருந்து வைத்தது போலத்தான். கட்டுமானத்தில் மிஞ்சிய பலகைத் துண்டுகளைச் சுவர் ஓரம் அடுக்கி வைப்பதுதான் புதிதாக வந்தவர்கள் எல்லாரும் செய்யும் தவறு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை விளக்கோடு வீட்டைச் சுற்றி, தூண், கதவுச் சட்டம், கழுவுதொட்டியின் அடிப்பகுதி ஆகியவற்றைப் பார்த்தாலே போதும்.

ஐந்தாம் படி: மறந்துவிடக் கூடியவை

கழிவுநீர்த் தொட்டியின் மேல் மூடியை மண்ணால் மூடவோ அதன் மேல் சிமெண்டு பூசவோ கூடாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது கசடு உறிஞ்சும் லோரி வர வேண்டும், அது வரும் வழியையும் விட்டு வையுங்கள். கிணறு தோண்டுவதானால் கழிவுத் தொட்டியிலிருந்து 100 அடி தள்ளியும், அதைவிட மேட்டிலும் இருக்கட்டும்.

மின்பெட்டியில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. விசையில் 'டி' என்று எழுதிய சிறு பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விசை கீழே விழ வேண்டும். விழாவிட்டால் அன்றே உரிமம் பெற்ற மின்வினைஞரை அழையுங்கள். இடிமழை நெருங்கும்போது இணைய மோடத்தின் கம்பியைக் கழற்றிவிடுவது ஐந்து வினாடி வேலை.

விவசாய நிலம் என்று கெரானில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், குறித்திருக்கும் நிலத்தில் வீட்டை நீட்டிக் கட்டுவதற்கு முன்பு, நில அலுவலகத்திலும் மாநகர் மன்றத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். கோழிக்கூண்டுக்கும் விறகுக் கொட்டகைக்கும் சேர்த்தே கேட்டால் இன்னொரு பயணம் மிச்சம்.

ஆறாம் படி: மண்ணைத் திருத்துதல்

இப்போது தோட்டத்துக்கு வரலாம். குச்சிகள் காட்டிய மேட்டு நிலத்தில், ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடத்தைப் பாத்திக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பாத்தி நான்கு அடி அகலத்துக்கு மேல் போகக் கூடாது. இருபக்கமும் நின்று கை எட்டினால்தான் மண்ணை மிதிக்காமல் வேலை செய்யலாம். உயரம் முக்கால் அடியிலிருந்து ஒரு அடி வரை வேண்டும், இல்லாவிட்டால் அக்டோபரில் வேர் அழுகும். வெட்டிய கால்வாய் மண்ணையே பாத்தியில் போட்டு உயர்த்துங்கள்.

நம் மண் பெரும்பாலும் புளிப்பு மண். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் முன்னோர்களைக் கொண்டு கரும்பு போட்ட கடலோரக் களிமண்ணாக இருந்தாலும், உள்நாட்டுச் செம்மண்ணாக இருந்தாலும், சுண்ணாம்பு போடாமல் காய்கறி நன்றாக வராது. உரக்கடையில் டோலோமைட் தூள் என்று கேட்டு வாங்கி, சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் வரை தூவிக் கிளறி, இரண்டு வாரம் விடுங்கள். கோழி எருவை அதோடு சேர்த்துப் போடாதீர்கள். சேர்த்தால் தழைச்சத்து வாயுவாகப் பறந்துவிடும், மூக்கே அதைச் சொல்லும். இரண்டு வாரம் கழித்து, நன்றாக மட்கிய கோழி எருவும், கெப்பாலா பத்தாஸ் பக்கத்து நெல் ஆலைகளிலிருந்து வரும் கருக்கிய உமியும் சேருங்கள். செம்பனை ஆலையில் கழித்த வெற்றுக் குலை கிடைத்தால் பாத்திக்கு மேல் மூடாக்காகப் பரப்பலாம். மழையின் அடியையும் வெயிலின் அடியையும் அது ஒன்றாகத் தாங்கும்.

சருகையும் வெட்டிய கிளையையும் எரிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 1974 ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைத் தடை செய்கிறது, எரித்தால் உரமும் போகிறது. மூன்றடிச் சதுரமும் மூன்றடி உயரமும் உள்ள ஒரு கூடு கட்டி, மூன்று பங்கு காய்ந்த சருகுக்கு ஒரு பங்கு பச்சைக் கழிவு என்று அடுக்கி, வாரம் ஒருமுறை கிளறி, மேலே தகரம் போட்டு மூடுங்கள். நம் ஊரில் உரக்குழி கெடுவது பெரும்பாலும் மழைநீர் இறங்குவதால்தான். கையில் அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு துளி மட்டும் கசிய வேண்டும். ஒழுகினால் சருகு சேருங்கள். நாற்றம் வந்தாலும் அதே மருந்துதான்.

ஏழாம் படி: எதை, எந்த வரிசையில்

தன்னிறைவு என்ற சொல்லைப் புதியவர்கள் பெரிதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். கால் ஏக்கர் வளவில் அரிசியும் பருப்பும் விளையாது. கீரை, கறிவேப்பிலை, வாழைக்காய், மரவள்ளி, கொஞ்சம் காய், முட்டை ஆகியவற்றைக் கடையில் வாங்காமல் இருக்கலாம். அதுவே நல்ல சேமிப்பு.

முதலில் கீரையைப் போடுங்கள். கங்கோங்கும் தண்டுக்கீரையும் விதைத்த நான்கு வாரத்தில் சமையலுக்கு வந்துவிடும், தவறு செய்தாலும் நட்டம் ஐந்து வெள்ளிக்குள். ஒரே நாளில் எல்லா விதையையும் தூவாமல், வாரத்துக்கு ஒரு சாண் வரிசையாக விதைத்தால் எப்போதும் ஏதாவது பறிக்க இருக்கும். கீரை பிடிபட்ட பிறகு வெண்டை, பயற்றங்காய், கத்தரி என்று போகலாம். முதல் இரண்டும் ஐம்பது நாளுக்குள் காய்க்கும். மிளகாயைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். இலைப்பேனும் வெள்ளை ஈயும் வந்து இலை சுருண்டுபோனால் புதியவரின் மனமும் சேர்ந்து சுருண்டுவிடும். மிளகாய்க்குப் பாத்தியைச் சில்வர்ஷைன் பிளாஸ்டிக்கால் மூடி, மேலே மழைமறைப்பும் கட்டினால் பாதி தொல்லை தீரும்.

சமையலறைக் கழுவுநீர் வெளியேறும் இடத்தில் வாழை நடுவது நம் பாட்டிமார் கண்ட வழி, அதை மாற்ற ஒரு காரணமும் இல்லை. குழாயின் வாயிலிருந்து மூன்றடி தள்ளி ஒரு குழி வெட்டி, சருகு நிரப்பி, அதைச் சுற்றி மூன்று கன்று வையுங்கள். கழுவுநீர் தேங்காது, வாழை வாடாது. மலாய்க்காரர்களும் ராஸ்தாளி என்றே அழைக்கும் ரகத்தை இலைக்கும் பழத்துக்கும் சேர்த்து வைக்கலாம். ஒரு கட்டையில் தாயும் இரண்டு கன்றும் போதும், மற்றவற்றைக் கழித்துவிடுங்கள். வாடல் நோய் ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குப் பாராங் கத்தி வழியே பரவும் என்பதால், ஒவ்வொரு மரத்துக்கும் இடையில் கத்தியைக் குளோரின் கரைசலில் முக்கியெடுங்கள்.

முருங்கை இங்கே ஏமாற்றும். தண்டை நட்டால் ஆறு மாதத்தில் கூரைக்கு மேல் போய்விடும், ஆனால் காய் வராது. செருப்பையும் துடைப்பத்தையும் கட்டித் தொங்கவிட்டுப் பார்க்கிறவர்களை நான் கேலி செய்வதில்லை, ஆனால் காரணம் மழைதான்: நீர் அதிகமானால் அது தழையாகவே ஓடும். நிலத்திலேயே அதிக மேடான, வறண்ட மூலையில் நட்டு, நான்கு அடி உயரத்தில் வெட்டிக்கொண்டே வாருங்கள். கீரை உறுதி, பிப்ரவரி வறட்சிக்குப் பிறகு காய் வந்தால் அது லாபம். கறிவேப்பிலைக்கும் நீர் தேங்கக் கூடாது.

வேலி ஓரத்தில் மரவள்ளி இருக்கட்டும். ஜப்பானியர் காலத்தில் நம் குடும்பங்களை உயிரோடு வைத்த கிழங்கு அது. ஒரு முழக் குச்சியைச் சாய்த்து ஊன்றிவிட்டால் எட்டு முதல் பத்து மாதத்தில் கிழங்கு தரும். பறித்த அன்றோ மறுநாளோ சமைத்துவிடுங்கள். கசக்கும் கிழங்கில் நச்சு அதிகம் என்பதால் அதை உண்ண வேண்டாம். நல்ல கிழங்கையும் தோலுரித்து, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டே பயன்படுத்துங்கள்.

இரவில் கீரையைத் தின்ன வரும் ஆப்பிரிக்க நத்தைகளைக் கையுறை போட்டுப் பொறுக்குங்கள்; அவை மூளையைத் தாக்கும் ஒருவகைப் புழுவைச் சுமக்கக்கூடும். அதனாலேயே பச்சையாக உண்ணும் இலைகளை ஒவ்வொன்றாகக் கழுவ வேண்டும். சேற்றில் இறங்கும்போது ரப்பர் பூட்ஸ் போடுவது எலிக்காய்ச்சலுக்காக. காலில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று சேற்று வேலை வேண்டாம்.

எட்டாம் படி: கோழி

ஓராண்டு ஆன பிறகு ஆறு பெட்டைகளோடு தொடங்குங்கள். ஒரு கோழி நாளைக்கு ஏறத்தாழ 100 முதல் 120 கிராம் தீனி தின்னும். நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைகாக்க உட்கார்ந்துவிடும் என்பதால், நாள்தோறும் முட்டை வேண்டுபவர்கள் முட்டைக்கான கலப்பினத்தை வாங்க வேண்டும். கூண்டின் தரை நிலத்திலிருந்து மூன்றடி உயர்ந்தும், கம்பிவலையின் கண் அரை அங்குலத்துக்கு மிகாமலும் இருக்கட்டும். சாதாரணக் கோழிவலையைக் கீரிப்பிள்ளையும் மரநாயும் கிழித்துவிடும், அதன் பெரிய கண் வழியே பாம்பும் நுழையும். ஒரு விடியற்காலையில் என் கூண்டுக்குள், விழுங்கிய கோழியோடு வயிறு பெருத்து, நுழைந்த ஓட்டை வழியே வெளியேற முடியாமல் ஒரு மலைப்பாம்பு சுருண்டு கிடந்தது. அப்படி நேர்ந்தால் கட்டையை எடுக்காமல், குழந்தைகளையும் நாயையும் உள்ளே அடைத்துவிட்டு, 999க்கு அழையுங்கள். பொதுத் தற்காப்புப் படையினர் வந்து பிடித்துக்கொண்டு போவார்கள். ராணிக்கெட் நோய்க்கான தடுப்பு மருந்தைக் குஞ்சிலேயே கொடுத்துவிட வேண்டும்.

ஜனவரியில் செய்ய வேண்டியது

வறட்சி தொடங்கியதும் காலை எட்டு மணிக்கு முன்பு செடியின் அடியில் மட்டும் நீர் ஊற்றுங்கள், மூடாக்கை இரண்டு விரற்கடை கூட்டுங்கள், புதிய விதைப்பை நிறுத்துங்கள். ஒரு தொட்டி காலியானதும் அதைச் சும்மா விடாமல், அடியில் படிந்த வண்டலைத் தேய்த்துக் கழுவி, வண்டலை வாழைக் குழியில் கொட்டிவிட்டு, வலையைப் புதிதாகக் கட்டுங்கள். பிப்ரவரிக் கடைசியிலோ மார்ச்சிலோ மழை திரும்பும் முதல் நாளில், இரண்டு மாதத் தூசியோடு கூரை காத்திருக்கும். அன்று மட்டும் கிளைக்குழாயின் மூடியைக் கழற்றி வைத்து, தொட்டியின் நுழைவாயை அடைத்து, கால் மணி நேரம் மழையை வெளியே ஓட விடுங்கள். குழாயின் வாயில் நீர் தெளிந்து வரத் தொடங்கியதும் மூடியைத் திருகிவிட்டு, தொட்டியைத் திறந்துவிடுங்கள்.